இமையில் ஒட்டிய பிளாஸ்டர்

“ரெண்டு இமையையும் நல்லா மேல இழுத்து ஒட்டுடி. இன்னிக்கு நான் முழுசாப் பாக்கணும்.”

மயிலாப்பூரிலிருந்து நந்தனம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும். புதுப் புடவை கட்டியிருந்த அக்கா முகத்தை நிமிர்த்திக் காட்ட, தங்கை பிளாஸ்டரைக் கிழித்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“கண்ணு எரியாதாக்கா?”

“எரிஞ்சா எரியட்டும். ஸ்கூல் விழாவுல இமை தொங்கிப்போச்சு. அம்மா தூங்குதுன்னு பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. எம்பொண்ணு பிரைஸ் வாங்கினதையே நான் பாக்கல. இன்னிக்குப் பட்டம் வாங்கறா. வுடுவேனா?”

“டாக்டர் இன்னா சொன்னாரு?”

“பரம்பரையா வர்றதாம். கண்ணு சதை கொஞ்சங்கொஞ்சமாத் தளருமாம். நம்ம நைனாவுக்கும் இதானே? இப்ப எம்பொண்ணுக்கும் ஆரம்பிச்சிகீது.”

தங்கையின் கை அப்படியே நின்றது.

“அய்யோ! அப்ப அவ மேடைக்கு எப்படிப் போவா?”

“காலையிலயே ஒட்டிகினு போயிட்டா.”

“போட்டோவுல தெரியுமேக்கா!”

“நானும் அதான் சொன்னேன். ‘தெரிஞ்சா தெரியட்டும்மா. நீ எங்க குந்திகினு கீறன்னு மேடையில இருந்து நான் பாக்க வாணாமா?’ன்றா.”