பாஷ்க் மராஷி என் பெயரில் அடித்த கோல்கள்

மேடையில் இருக்கும் கழகத் தலைவர் நவரட்ணம் அண்ணை அவர்களே, செபம் சொல்லி இந்தக் கூட்டத்தைத் தொடக்கிவைத்த பங்குத் தந்தை அவர்களே, டோர்செட் பார்க்கில் இருந்து நடந்தும் மிசிசாகாவில் இருந்து மழைக்குள் கார் ஓடியும் வந்திருக்கும் உறவுகளே, கரையொளி விளையாட்டுக் கழகத்தின் வீரர்களே, எங்களுக்கு எதிராக ஆடியவர்களாக இருந்தும் இன்று எங்களோடு வந்து உட்கார்ந்திருக்கும் மற்றக் கழகத்துத் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் அமிர்தநாதர் அல்பேட். இங்கே பலருக்கு என்னைத் தெரியும். ஆனாலும் இதை முதலில் சொல்லவேண்டிய தேவை எனக்கு இருக்கிறது. ஏன் என்று போகப்போக விளங்கும்.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். "எமது கழகத்தின் அருமை நண்பருக்குக் கண்ணீர் அஞ்சலி." படம் இருக்கிறது. மாலை இருக்கிறது. பெயர் எங்கே? மூன்று வருடம் எங்கள் முன்னணியில் நின்று ஆடிய மனிதனுக்கு ஒரு பெயர் இல்லையா? துணியில் இடம் காணவில்லையா?

கூட்டம் தொடங்க முன்னர் வாசலில் வைத்து நவரட்ணம் அண்ணை என் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "தம்பி, பேரைச் சொல்லாதை. வெள்ளை எண்டு சொல்லு. எல்லாருக்கும் விளங்கும்தானே." விளங்கும் அண்ணை. மைதானத்தில் நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். ஆனால் வெள்ளை என்பது ஒரு நிறம். செத்தவர் ஒரு மனிதர்.

அவருடைய பெயர் பாஷ்க் மராஷி. அல்பேனியா நாட்டின் வடக்கே ஷ்கோடர் என்ற நகரத்தில் பிறந்தவர். வயது முப்பத்து நான்கு. மனைவியின் பெயர் திரானே. ஒரு மகள், எட்டு வயது. உதைபந்தாட்ட வீரர் பாஷ்க் மராஷி பதினொரு நாட்களுக்கு முன்னர், புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, இங்கே ரொறன்ரோவில், ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் இறந்தார். இதைச் சொல்ல எனக்குப் பதினொரு நாள் எடுத்திருக்கிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வரும்போது வரட்டும்.

எங்களிடம் வர முன்னர் அவர் யார்? இங்கே எத்தனை பேர் அவரிடம் அதைக் கேட்டிருப்பீர்கள்? நான் கேட்டதே இரண்டாவது வருடம்தான்.

பத்தொன்பது வயதில் அவர் தன் நகர அணிக்கு ஒன்பதாம் இலக்கச் சட்டை போட்டவர். நாட்டின் முதற்பிரிவில் ஒன்பது வருடம் ஆடியவர். நாற்பத்தொரு கோல். அந்த நாட்டில் அப்போது வெளியே போக முடியாது; கோயில் கும்பிடவும் முடியாது. அணி வெளிநாட்டுக்குப் போனால் கூடவே அரசாங்கத்தின் ஆட்கள் இரண்டு பேர் வருவார்களாம். அவர்களுக்குப் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. போகும்போது பதினெட்டுப் பேர், திரும்பும்போதும் பதினெட்டுப் பேரா என்று தலையை எண்ணுவதுதான் வேலை. சொல்லிவிட்டுச் சிரிப்பார். "பெயர் கேட்க மாட்டார்கள், எண்ணிக்கை மட்டும்தான்" என்பார்.

தொண்ணூற்றொன்றில் கப்பலேறி இத்தாலிக்குப் போனார். திருப்பி அனுப்பினார்கள். பிறகு மலையால் நடந்து கிரேக்கத்துக்குப் போனார். அங்கே ஒரு சின்ன ஊரின் மூன்றாம் பிரிவு அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அல்பேனியன் என்று பதிய முடியாது என்று சொல்லி ஸ்பிரோஸ் என்று ஒரு கிரேக்கப் பெயர் வைத்தார்கள். முதல் மாதம் முழுக்க அந்தப் பெயரைக் கூப்பிட்டால் இவர் திரும்பிப் பார்க்கவில்லை. புதிதாக வந்தவனுக்குக் காது கேட்காது என்று பயிற்சியாளர் நினைத்தாராம். அந்தப் பெயரில் பத்தொன்பது கோல். தொண்ணூற்று நான்கில் ஒரு காட்சிப் போட்டிக் குழுவோடு ரொறன்ரோவுக்கு வந்தார். குழு திரும்பிப் போனது. அவர் போகவில்லை. அகதிக் கோரிக்கை போட்டார்.

அடுத்த வருடம் ஸ்காபரோவில் நாங்கள் பயிற்சி எடுக்கும் பூங்காவில், கோலுக்குப் பின்னால் நின்று வெளியே போகும் பந்தைத் திருப்பி உதைத்துக்கொண்டிருந்தார். ஒரு முறை உதைத்த பந்து எங்கள் கோல் காப்பாளர் கீதனின் இரண்டு கையையும் தள்ளிக்கொண்டு வலைக்குள் போனது. கீதன் கையை உதறிக்கொண்டு கத்தியது இப்போதும் கேட்கிறது: "டேய், உவன் ஆரடா? என்ர கை எரியுதடா! உவனை உள்ளுக்கு எடுங்கோ, இல்லாட்டி உவனை வீட்டை அனுப்புங்கோ!"

உள்ளே எடுத்தோம். எப்படி எடுத்தோம்? எங்கள் சுற்றுப்போட்டியில் ஊரவர் மட்டும் ஆடலாம். யாழ்ப்பாணத்தில் எந்தக் கடற்கரையில் பிறந்தாயோ அந்தக் கழகத்துக்குத்தான் கனடாவிலும் ஆடவேண்டும். நாட்டைவிட்டு ஓடிவந்து, பத்தாம் மாடியில் இருந்துகொண்டு, அந்தச் சட்டத்தை மட்டும் நாங்கள் விடவில்லை. அந்த வருடம் எனக்கு முழங்கால் போய்விட்டது. என்னுடைய வீரர் அட்டை சும்மா கிடந்தது. நவரட்ணம் அண்ணை கேட்டார், நான் கொடுத்தேன். பாஷ்க் மராஷி அல்பேட் ஆனார்.

முதல் ஆட்டத்திலேயே எதிரணியினர் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். இங்கேயும் சிலர் இருக்கிறீர்கள்.

"உவர் எந்த ஊர் அல்பேட்? எங்கட ஊரிலை உப்பிடி ஒருத்தரும் இல்லை!"

"தாய் பறங்கியடா," என்றார் நவரட்ணம் அண்ணை. "வெள்ளையாத்தான் இருப்பான்."

"அப்ப தமிழிலை ஒரு கதை கதைக்கச் சொல்லுங்கோ!"

பாஷ்க் எல்லோரையும் பார்த்து, கற்றுக்கொண்டிருந்த ஒரே சொல்லை மூன்று தரம் சொன்னார்: "ஓம், ஓம், ஓம்." நடுவர் சிரித்துவிட்டார். ஆட்டம் நடந்தது. மூன்று கோல் அடித்தார்.

சிரியுங்கள். நாங்களும் அன்று சிரித்தோம். மூன்று சீசனில் முப்பத்து மூன்று கோல். அத்தனையும் என் பெயரில். முழங்கால் மடிக்க முடியாத எனக்கு முப்பத்து மூன்று கோல்! போன வருட இராப்போசன விருந்தில் சிறந்த வீரர் விருது என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள்: "அமிர்தநாதர் அல்பேட்!" பத்திரிகைக்குப் படம் எடுப்பார்கள், அவர் ஏறக்கூடாது, நீ ஏறு என்றார்கள். நான் நொண்டிக்கொண்டு ஏறிக் கிண்ணத்தை வாங்கினேன். கீழே மேசையில் இருந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அவர்தான். இறங்கி வந்ததும் கையைக் குலுக்கி, "நல்ல கோல்கள், அல்பேட்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். என்னால் சாப்பிட முடியவில்லை.

உறவுகளே, பந்தோடு நின்றிருந்தால் நான் இன்று இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். அவருடைய அகதிக் கோரிக்கையை நிராகரித்தார்கள். வேலை செய்யும் அனுமதி முடிந்தது. ஷ்கோடரில் ஒரு குடும்பம் சாப்பிடவேண்டும். வேலைக்குப் பதியக் கேட்கும் என் அரசாங்க இலக்க அட்டையை, சின் கார்ட்டையும் கொடுத்தேன். அதைக் கொடுத்ததற்காக நான் வெட்கப்படவில்லை. இந்த மண்டபத்தில் ஒரு கார்ட்டில் இரண்டு பேர் வேலை செய்த வீடுகள் எத்தனை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் வெட்கப்படுவது அதற்குப் பிறகு செய்ததற்கு.

காலையில், தொழிற்சாலைகளுக்குக் கூலிக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் வான் வரும். ஆள் எண்ணி ஏற்றும். தொழிற்சாலையில் இறக்கும். பாதுகாப்புச் சப்பாத்து இல்லை, பழக்கிக் காட்ட ஆள் இல்லை. அந்தப் புதன்கிழமை, லொறிகள் பின்பக்கமாக வந்து நிற்கும் மேடையில் அவருக்கு வேலை. லொறி நின்றுவிட்டது என்று நினைத்துக் கீழே இறங்கியிருக்கிறார். லொறி நிற்கவில்லை. இவ்வளவுதான் எனக்குச் சொன்னார்கள். மற்றவர்கள் நாலு மணிக்குத் திரும்பவும் வேலையைத் தொடங்கினார்கள் என்றும் சொன்னார்கள்.

அன்று ஆறு மணிக்கு டோர்செட் பார்க்கில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இரண்டு பொலிஸ்காரர். ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அல்பேட் அமிர்தநாதரின் வீடா என்று கேட்டார். ஓம் என்றேன். வருந்துகிறோம், அவர் இன்று வேலைத்தலத்தில் இறந்துவிட்டார் என்றார்.

என் அம்மா எமில்டா எனக்குப் பின்னால் நின்றார். இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கு அவ்வளவு இங்கிலிஷ் விளங்கும். முதலில் சிரித்தார். "என்ரை பிள்ளை இஞ்சை நிக்கிறான்" என்று என் கையைப் பிடித்தார். பிறகு பிடியை விடாமல் தமிழில் மெதுவாகக் கேட்டார்: "அப்ப, ஆர்?"

எனக்கு உடனே தெரியும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்கள் யார் என்று பொலிஸ்காரர் கேட்டார். அல்பேட்டின் அண்ணன், யேசுரட்ணம் என்றேன். என் அண்ணன் லண்டனில் இருக்கிறார். அடையாளம் காட்ட வரச் சொன்னார்கள், போனேன். துணியை விலக்கினார்கள். முகத்தில் ஒரு காயமும் இல்லை. அங்கே வேலை செய்பவர் அவருடைய முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தாய் வேறா என்று கேட்டார். தலையாட்டினேன். தாளை நீட்டினார்கள். இறந்தவர் பெயர் அமிர்தநாதர் அல்பேட் என்று இருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

நான் பயந்தேன். டிசம்பரில் எனக்குக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். ஏழு வருடம் காத்திருந்த திகதி. அதை நினைத்துத்தான் போட்டேன். வேறு காரணம் இல்லை.

அதன் விளைவு என்ன? அரசாங்கத்தின் தாளில் நான் செத்துவிட்டேன். அதை நான் தாங்கலாம். ஆனால் பாஷ்க் மராஷி சாகவில்லை! அடக்கத்துக்கு வர விசா கேட்ட அவருடைய மனைவியிடம், உன் கணவன் இறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்கிறார்கள். ரொறன்ரோவில் அப்படி ஒருவர் இறந்ததாகப் பதிவில்லை என்கிறார்கள். வருகிற வியாழக்கிழமை அடக்கம். பெட்டியில் பொறிக்கக் கொடுத்திருப்பது என் பெயர். கடைசி வரிசையில் இருக்கும் இந்த மனிதர் லெக். பாஷ்க்கின் ஊர்க்காரர், மிசிசாகாவில் வேலை. அவருக்குத் தமிழ் விளங்காது. ஆனால் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும். நேற்று அவர்தான் திரானேயோடு தொலைபேசியில் பேசி எனக்குச் சொன்னார். அந்தப் பெண் ஒரு கேள்விதான் கேட்டாராம்: "அப்படியானால் அங்கே யாரைப் புதைக்கிறீர்கள்?"

எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள், பொறு என்று. "ரெண்டு மாசம் பொறு தம்பி, சத்தியப்பிரமாணம் முடியட்டும். செத்தவன் எங்கை போகப்போறான்?" கழகத்துக்கும் பயம். அட்டை விஷயம் வெளியே வந்தால் இரண்டு வருடக் கிண்ணத்தையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். கொடுப்போம். அதற்கு என்ன? தலையை மட்டும் எண்ணியவர்களிடம் இருந்து தப்பி வந்தவரை, ஆள் எண்ணி ஏற்றும் வானில் நாங்களே ஏற்றிவிட்டோம். இப்போது பெயர் இல்லாத பதாகையைக் கட்டி அழுகிறோம். எங்களுக்கும் அந்த ஏஜென்சிக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? நாங்கள் மாலை போடுகிறோம், அவன் போடவில்லை. அவ்வளவுதானே?

ஓம் நவரட்ணம் அண்ணை, நேரம் போகிறது, விளங்குகிறது. மணியை அடிக்கவேண்டாம். முடிக்கிறேன்.

சட்ட உதவி நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் கிளடிஸ் அன்ரியிடம் வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "நீயாப் போய்ச் சொன்னா ஒரு மாதிரி, அவங்கள் கண்டுபிடிச்சா வேற மாதிரி. ஆனா உனக்கு ஒண்டும் நடக்காது எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன்" என்றார். பிறகு, "உன்ரை சொல்லு மட்டும் காணாது. நீ ஒருக்காப் பொய் சொன்னவன். அவரைத் தெரிஞ்ச வேற ஆக்கள் எழுதித் தரவேணும்" என்றார்.

எழுதி வைத்திருக்கிறோம். இந்த மேசையில் இருக்கிறது. இறந்தவர் பாஷ்க் மராஷி, இவரை நாங்கள் அறிவோம், இவரோடு விளையாடினோம். மூன்று வரி. கீழே உங்கள் பெயர், விலாசம், கையெழுத்து. இதில் போடுவது வில்லங்கம்தான். யார் அட்டையில் அவர் ஆடினார் என்று உங்களிடமும் கேட்பார்கள். பொய் சொல்லி உங்களைக் கூப்பிடமாட்டேன்.

நிகழ்ச்சிநிரலில் அடுத்தது இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று இருக்கிறது. தலைவர் அவர்களே, மன்னிக்கவேண்டும், அது வேண்டாம். பதினொரு நாள் மௌனமாகத்தான் இருந்தோம். அந்த இரண்டு நிமிடத்தில் எழுந்து இந்த மேசைக்கு வாருங்கள். வரமுடியாதவர்கள் உட்கார்ந்திருங்கள். உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் குறை சொல்லமாட்டேன்.

கரையொளிக் கழகத்தின் பெயரால் நான் உறுதிமொழி எடுக்கமுடியாது. கழகம் இன்னும் முடிவெடுக்கவில்லை. என் பெயரால் எடுக்கிறேன். நாளை திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மரண விசாரணை அதிகாரியின் அலுவலகத்தில், நான்தான் அமிர்தநாதர் அல்பேட், நான் சாகவில்லை, நான் போட்ட கையெழுத்துப் பொய் என்று சொல்லுவேன். அதன் பிறகு என்னை என்ன செய்தாலும், திரானேக்கு அந்தத் தாள் போய்ச் சேரும்வரை, அந்தப் பெண் வந்து பார்க்கும்வரை, அடக்கம் நடக்க விடமாட்டேன்.

கீதன், நீ எழும்பிவிட்டாய். நில், பேனை என்னிடம்தான் இருக்கிறது. வா.