நெவில் கேட்ட சோப்பு

— ஐயோ, தண்ணிய சோடா மேல ஊத்தாத ரோண்டா. பொங்கி மூஞ்சில அடிச்சிடும். சோடாவத்தான் தண்ணியில போடணும். கொஞ்சங் கொஞ்சமா. ம், அப்படித்தான். முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கோ.

— அடுப்பே இல்லாம கொதிக்குது, ஜோஸ்லின்.

— கொதிக்கும். காஸ்டிக் சோடா அப்படித்தான். வேலியோரமா வெச்சிடு, நாய் மோந்து பாக்காத இடமா. அது ஆறட்டும். நாம அதுக்குள்ள கொழுப்பப் பாப்போம். எங்கேருந்து கிடைச்சுது?

— பக்கத்துப் பண்ணையில காளை அறுத்தாங்க. குண்டிக்காயச் சுத்தி இருக்கிற கொழுப்பு வேணும்னு கேட்டேன். நாய்க்கான்னு கேட்டான் அந்த ட்ரெவர். ஆமான்னுட்டேன். புருஷனோட மொத சம்சாரம் சோப்புக் காய்ச்ச வர்றாங்கன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது?

— சொல்லியிருந்தா இந்நேரம் கைரா ஊரு முழுக்கப் பரவியிருக்கும். கொழுப்பு நல்லா இருக்கு, கேட்டியா. விரல்ல அழுத்தினா பொலபொலன்னு உதிருது பாரு. லேசா மஞ்சள் பாய்ஞ்சிருக்கு, புல்லு தின்ன மாடு. இத இன்னும் சின்னதா நறுக்கு. நெவில் என்ன பண்றாரு?

— தூங்குறாரு. இப்பல்லாம் பகல்லதான் தூக்கம். நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல, சத்தியமா. போன் பண்றப்ப குரலே எழும்பல எனக்கு.

— எழும்புன வரைக்கும் போதுமா இருந்துச்சு. குளிக்க மாட்டேங்கிறாரு, உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுறாருன்ன. அதுக்கப்புறம் நான் காஃப்ஸ் ஹார்பர்ல உக்காந்து கடலப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? சட்டியில கொஞ்சம் தண்ணி ஊத்து. அடி பிடிக்காது. தீ சின்னதா இருக்கணும். அவசரப்பட்டா கொழுப்பு கருகி, சோப்பும் நாறும், சமையலும் நாறும்.

— ரெண்டுக்கும் இதேவா?

— இதேதான். தெளிஞ்சு மேல நிக்கிறது உருளைக்கிழங்குக்கு. மிச்சம் சோப்புக்கு. அடியில பொரிஞ்சு கிடக்கிற துண்டுல உப்பு தூவி நாமளே தின்னுடலாம், யாருக்கும் சொல்ல வேண்டாம்.

— ஜோஸ்லின், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, பரண்ல நீங்க கொழுப்பு ஊத்தி வெச்ச தகர டப்பா வரிசையா இருந்துச்சு. எல்லாத்தையும் குழி தோண்டிப் புதைச்சேன். இனிமே ஆலிவ் எண்ணெய்தான்னேன்.

— டாக்டர் சொல்லியிருப்பாரு.

— டாக்டர் ஒண்ணும் சொல்லல. எந்தச் சட்டியத் தொறந்தாலும் உங்க வாசனை வந்துச்சு.

— நானா இருந்தா டப்பாவோட நாயையும் சேத்துப் புதைச்சிருப்பேன். அதுவும் நான் விட்டுட்டுப் போனதுதானே. அவரு என்ன சொன்னாரு?

— என்ன சொல்வாரு. ஆலிவ் எண்ணெயில பொரிச்சதத் தின்னாரு. தட்டக் கழுவி வெச்சாரு.

— அதேதான். என்கிட்டயும் அதேதான். ஏன் விட்டுட்டுப் போனேன்னு ஊரே கேட்டுச்சு. அடிச்சாரா, குடிச்சாரா, வேற பொம்பளையா? ஒண்ணுமே இல்ல, கேட்டியா. ஒருநாள் ஆட்டுக்குட்டியக் காட்டு நாய் கடிச்சிருச்சுன்னு நான் வெளிய ஓடிட்டேன். திரும்பி வந்தா அடுப்புல கிழங்கு முழுக்கக் கரி. அந்தக் கரியத் தட்டுல போட்டுக் குடுத்தேன், வேணும்னேதான். என்ன சொல்றாருன்னு பாக்கலாம்னு. ஒரு துண்டு விடாம தின்னாரு. தட்டக் கழுவி வெச்சாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. நான் மேசைகிட்டயே நின்னுக்கிட்டு இருந்தேன். இந்த வீட்டுல நான் செத்துக் கிடந்தாலும் என்னச் சுத்தி வந்து தட்டக் கழுவிட்டுப் போவாருன்னு தோணிச்சு. அடுத்த மாசம் கிளம்பிட்டேன்.

— ஆனா இப்ப உங்களத்தானே கூப்பிடுறாரு. காலையில கண்ணத் தொறந்ததும், ஜோ எங்க, ஜோகிட்ட கேக்கணும். என்ன கேக்கணும்னா, சோப்புங்கிறாரு. கடையில இருக்கிற சோப்பெல்லாம் வாங்கிட்டு வந்தேன். ஒவ்வொண்ணா மோந்து பாத்துட்டு, இது இல்லன்னு கீழ வைக்கிறாரு. என் பேர அவரு வாயால கேட்டு எத்தனை மாசமாச்சோ, என்னவோ.

— அது நோவு, ரோண்டா. பழசுதான் மேல மிதக்கும். அதுக்கு நீயும் பொறுப்பில்ல, நானும் பொறுப்பில்ல. அந்தத் துணிய இப்படிப் பிடி, வடிகட்டலாம். சட்டிய நான் சாய்க்கிறேன். பாத்து, சூடு.

— தண்ணி மாதிரித் தெளிவா இருக்கே.

— ஆறினா வெள்ளைவெளேர்னு உறைஞ்சிடும். இதுல ரெண்டு கரண்டி அந்தத் தட்டுல ஊத்து. கிழங்க அரைவேக்காடா எடுத்தியா? மூடி போட்டு நல்லா குலுக்கு. ஓரமெல்லாம் சொரசொரன்னு ஆகணும், அதுலதான் மொறுமொறுப்பு ஏறும். இப்ப அடுப்போட வயித்துக்குள்ள தள்ளு. தீ நல்லா நிமிந்து எரியட்டும்.

— வாசனையே வேற மாதிரி இருக்கு. பசிக்குது, சத்தியமா. பசின்னு ஒண்ணு வந்தே நாளாச்சு.

— ஆலிவ் எண்ணெய் பாட்டில அந்தப் பக்கம் திருப்பி வை, அதுக்கு மனசு கஷ்டப்படும். சிரிக்காத, கரண்டியப் பிடி. சோடாத் தண்ணி ஆறிடுச்சு, கொழுப்பும் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்துடுச்சு. நான் ஊத்த ஊத்த நீ கிண்டு. ஒரே பக்கமா.

— எவ்வளவு நேரம்?

— கரண்டியத் தூக்கி மேல கோடு போட்டா, அந்தக் கோடு அப்படியே நிக்கணும். அதுவரைக்கும்.

— ஜோஸ்லின், டவுன்ல முதியோர் இல்லத்துல ஒரு இடம் காலியாயிருக்கு. திங்கக்கிழமை சொல்லணும்.

— ம்.

— நான் கையாலாகாதவள்னு நினைக்காதீங்க. சோறு ஊட்டுறது, துணி மாத்துறது, எல்லாம் செய்வேன். குளிக்கிற தொட்டிகிட்ட போனாதான் வம்பு. என் கையப் பிடிச்சுத் தள்ளுறாரு. போ, போன்னு கத்துறாரு. போன வாரம் தள்ளினதுல சுவத்துல போய் மோதினேன். யாரோ தெரியாத பொம்பளை தொட வர்றான்னு பயம் அவருக்கு. நானா இருந்தாலும் தள்ளத்தான் செய்வேன்.

— இல்லத்துக்கு அனுப்புறதுல தப்பே இல்ல. நீயும் விழுந்துட்டா யாரு பாப்பா?

— அது இல்ல நான் கேக்க வந்தது.

— கிண்டுறத நிறுத்தாத. என்ன கேக்க வந்த?

— நீங்க இங்கயே இருந்துடுங்களேன். அவரு மனசுல இருக்கிறது நீங்கதான். நீங்க குளிப்பாட்டினா குளிப்பாரு. நான் டம்வர்த்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிடுறேன். பெட்டி கூடக் கட்டிட்டேன். நீங்க வரலன்னா இல்லம், வந்தா நீங்கன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன்.

— உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?

— எனக்கு வலிக்காதுன்னு நினைக்கிறீங்களா? வேற ஒருத்தி பேரக் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் கேட்டுக்கிட்டு, நானும் எத்தனை நாள்தான் ஆமா, ஜோ வருவான்னு சொல்றது? அவரு கேக்கிறதையாவது குடுத்துட்டுப் போறேனே.

— ரோண்டா, இங்க பாரு. நான் சோப்புக் காய்ச்ச வந்தேன். கிழங்கு வறுக்க வந்தேன். போன தடவை அந்தக் கதவச் சாத்தினப்ப... சரி விடு. இரு, இரு. கோடு நிக்குது பாரு. இப்ப ஊத்து அச்சுல. பழந்துணி போட்டு மூடு. இத இன்னைக்கே தேய்ச்சா தோலு உரிஞ்சிடும். ஒரு மாசத்துக்கு மேல காயணும்.

— அப்ப இன்னைக்கு?

— என் வீட்டுல காய்ச்சி வெச்சது ஒரு கட்டி கூடையில கொண்டாந்திருக்கேன். இங்க காய்ச்சின அதே பக்குவம்தான். அத வெச்சு இன்னைக்கு முயற்சி பண்ணிப் பாக்கலாம். நானே கூட்டிட்டுப் போறேன் தொட்டிக்கு. மத்தத அப்புறம் பேசுவோம்.

— எழுந்துட்டாரு, அதோ வர்றாரு. நெவில், வெறும் சட்டையோட வராதீங்க, பனி இன்னும் விலகல. ஜோஸ்லின், நீங்க பேசிக்கிட்டு இருங்க. நான் உள்ள போய்த் தொட்டியில வெந்நி நிரப்புறேன். நான் நின்னா காரியம் கெடும்.

— உக்காருங்க நெவில். இந்த நாற்காலில, அடுப்புகிட்ட.

— நன்றிங்க. நீங்க... டவுன்ல இருந்து வர்ற நர்ஸம்மாவா?

— தெரியலையா என்ன?

— மன்னிச்சுக்கோங்கம்மா. மூஞ்சியெல்லாம் இப்ப நிக்க மாட்டேங்குது. தண்ணியில பாக்கிற மாதிரி இருக்கு.

— பரவால்ல. நான் சமைக்க வந்தவ. இந்தாங்க, ஒரு கிழங்கு. ஊதித் தின்னுங்க.

— ம். நல்லா மொறுமொறுன்னு இருக்கு. மாட்டுக் கொழுப்பு. உப்பு கம்மி.

— என்ன சொன்னீங்க?

— உப்பு கம்மிங்க. தப்பா எடுத்துக்காதீங்க.

— இல்ல. இல்ல, சொல்லுங்க. நல்லா சொல்லுங்க. இன்னொண்ணு போடவா?

— போடுங்க. அந்தக் கூடையில என்ன? சோப்பா? குடுங்க, மோந்து பாக்கிறேன். இதுதான். இதேதான்மா. இது ஜோ காய்ச்சுற சோப்பு. உங்களுக்கு ஜோவத் தெரியுமா?

— கொஞ்சம் தெரியும்.

— நல்ல கைக்காரி. இந்த சோப்பு இருந்த வரைக்கும் எந்தக் குளிருக்கும் என் கையில ஒரு வெடிப்பு கிடையாது. அவகிட்ட கேக்கணும் கேக்கணும்னு தேடிக்கிட்டே இருக்கேன், யாருமே கூட்டியார மாட்டேங்கிறாங்க.

— கிடைச்சிடுச்சுல்ல. வாங்க, போய்க் குளிக்கலாம்.

— எனக்கு வேண்டாங்க, இது ரோண்டாவுக்கு. உள்ள இருக்காளே, என் சம்சாரம். அவ கை ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு, வாயத் தொறந்து சொல்ல மாட்டா. அந்தக் கையோட சுடுதண்ணியில என்னத் தேய்ச்சுவிட வர்றாம்மா, எரியாதா அவளுக்கு? அதான் தள்ளித் தள்ளி விடுறேன்.