நடுச் சீட்டிலிருந்து பார்த்த கைகள்

மேடையில் இருக்கும் எங்கள் ஆசிரியர் அவர்களே, படத் தயாரிப்பாளர் அவர்களே, வாசக நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் முன்பாக, முதல் வரிசையில் இருக்கும் பெரியம்மாவே, பெரியப்பாவே, வணக்கம்.

நம் பத்திரிகையின் திரை விமர்சகர், நாம் நடுச்சீட்டம்மா என்று அழைத்தவர், இன்று நம்மிடையே இல்லை. அந்தப் பெயர் ஏன் வந்தது? நாவலைப் படமாக எடுத்தால் அவர் தனியாகப் போய்ப் பார்த்ததே கிடையாது. ஒரு பக்கம், நாவலை வரிவரியாக அறிந்த அவருடைய அக்கா, நம் பெரியம்மா. மறுபக்கம், புத்தகத்தையே தொடாத அக்காவின் கணவர், பெரியப்பா. நடுவில் இவர். இடைவேளையில் இருவரையும் பேசவிட்டுக் கேட்பார். ஒருமுறை நான் பின்வரிசையில் இருந்தேன்.

"மாடிப்படி சண்டையையே தூக்கிட்டானுங்களே, பாவிங்க," என்றார் பெரியம்மா.

"எந்தச் சண்டை? எனக்கு ஒண்ணும் கொறையலையே."

"நீங்கதான் தூங்கிட்டீங்களே."

"நல்ல படத்துலதான் எனக்குத் தூக்கம் வரும்."

நடுச்சீட்டம்மா சிரித்துக்கொண்டே இரண்டையும் குறித்துக்கொண்டார்.

அந்தப் படத்தில், மகனை இழந்த தாய் மூன்று பக்கம் அழும் புகழ்பெற்ற இடமும் இல்லை. அவள் மகனுடைய சட்டையை மடித்து வைக்கிறாள், அவ்வளவுதான். வாசகர்கள் கொதித்தார்கள். இவரோ, "அழுகை போனது, துக்கம் அப்படியே இருக்கிறது" என்று எழுதி, வசவையும் வாங்கிக்கொண்டார். நாவலில் எத்தனை வரி படத்துக்கு வந்தது என்று எண்ணுகிறவர் அல்ல அவர். யாரை வெளியே தள்ளினார்கள் என்று தேடுகிறவர்.

கடைசியாக அவர் பார்த்தது, மருத்துவமனையில் துணி துவைக்கும் பெண்ணைப் பற்றிய படம். நாம் எல்லோரும் நெஞ்சில் வைத்திருக்கும் நாவல் அது. பத்திரிகையாளர்களுக்குப் போட்ட முன்காட்சியில் வசனம் ஒன்றுகூட விடுபடவில்லை. பெரியம்மா அழுதார். பெரியப்பா தூங்கவே இல்லை. வெளியே வந்ததும் நடுச்சீட்டம்மா கேட்டார்: "அக்கா, அவ கையைப் பாத்தியா?"

பெரியம்மா நின்றுவிட்டார். "இல்லடி. வசனத்தையே கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

நாவலில் அந்தப் பெண்ணின் கைகள் சோடாக் காரத்தில் வெந்து, பிள்ளையின் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் போகும். படத்தில் அவளுக்கு நகப்பூச்சு விளம்பரக் கைகள். உழைத்தவளின் வார்த்தைகளை எடுத்துக்கொண்டு அவள் உடம்பைத் துடைத்தெறிந்தார்கள் என்று ஒரு பத்தி எழுதினார். படத்தின் விளம்பரம் நம் கைவிட்டுப் போய்விடும், அந்தப் பத்தியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று நிர்வாகம் கேட்டது. அப்போது மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த அவரிடமிருந்து பதில் வந்தது: "அதை எடுத்தா என் பேரையும் எடுத்துடுங்க."

சற்று முன் அந்தப் படத்தின் தயாரிப்பாளர் அவரை நேர்மையின் சிகரம் என்றார். ஐயா, அந்தச் சிகரம் அச்சேறாத விமர்சனமாக எங்கள் ஆசிரியரின் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. செத்த பிறகு புகழ்வது எவ்வளவு சுலபம். உயிரோடு இருந்தபோது ஒரு பத்திக்கு இடம் கொடுத்தோமா?

அவர் வழியில் நடப்போம் என்று சொல்லிவிட்டு நான் உட்காரலாம். அது போதாது. நாளை படம் வெளியாகிறது. நாளைய இதழில் அந்த விமர்சனம் முழுசாக வரவேண்டும். வராவிட்டால், சினிமாப் பக்கத்தில் எழுதும் எங்களில் ஒருவர் பெயரும் இனி அங்கே வராது. பேசி முடிவெடுத்துவிட்டுத்தான் இங்கே நிற்கிறேன்.

பெரியம்மா, நாளைக் காலைக் காட்சிக்கு நடுச் சீட்டில் நான் உட்காருகிறேன். பெரியப்பா தூங்கினால் தூங்கட்டும். நீங்கள் வசனத்தைக் கேளுங்கள். கைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.