லேக் மார்க்கெட் விலாசம்

லேக் மார்க்கெட்டில் ஆட்டோவுக்கு வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் சொன்ன ஒரு வார்த்தையில் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அக்கா, ஆபீஸ்லேர்ந்து ஃபோன் வந்தா, நான் உங்க வீட்லதான் குடியிருக்கேன்னு சொல்லிடுங்க."

"எதுக்குடி?"

"போன தடவை இன்டர்வியூல என் வீடு கார்டன் ரீச்னு சொன்னேன். அவ்வளவு தூரத்துலேர்ந்து சால்ட் லேக் ஆபீஸுக்கு தினம் எப்படி வருவேன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. இந்தத் தடவை உங்க விலாசத்தைக் கொடுத்துட்டேன்."

"இங்கேர்ந்து மட்டும் பக்கமா?"

"மெட்ரோ இருக்கில்ல."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டா வேண்டாம்னிருப்பீங்க."

பெரியவள் குரலைத் தாழ்த்தினாள். "உன் அத்தான் காதுக்குப் போனா என்னாகும் தெரியுமா?"

வரிசை நகர்ந்தது, அவர்கள் நகரவில்லை. பின்னால் ஒருவர் வங்காள மொழியில் முணுமுணுத்தார்.

"சரி, சொல்லித் தொலைக்கிறேன். வேலை கிடைச்சுடுமா?"

"கிடைச்சுடுச்சுக்கா. ஷிப்ட் முடிய ராத்திரி ஆகும். ஆபீஸ் வண்டியே வீட்டு வாசல்ல இறக்கிவிடுமாம்."

"எந்த வீட்டு வாசல்ல?"

ஆட்டோ வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை.

"அதைக் கேக்கத்தான்கா வந்தேன்."