எழுத்து இருந்த சுவர்

— கண்ணாடி மேல கை வைக்காதீங்க ஐயா. ரேகை படிஞ்சா தினமும் நான்தான் துடைக்கணும்.

— வைக்கலைம்மா. எழுத்துக்கு நேரா விரலைப் பிடிச்சாத்தான் எனக்கு வரி ஓடும். இப்பத்தான் படிக்கக் கத்துக்கிட்டிருக்கேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க.

— இந்த வயசுலயா?

— அறுபத்தாறு முடிஞ்சுபோச்சு. எங்க தெருக்கோடியில சாயங்கால வகுப்பு நடத்துறாங்க. எட்டு மாசமாப் போறேன். டீச்சரம்மாவுக்கு என் மக வயசுதான் இருக்கும். தப்பா வாசிச்சா ஸ்கேலால மேஜையைத் தட்டும். எனக்கு வேர்த்துக் கொட்டிடும்.

— நல்ல காரியம்தானே. நீங்க சிரமப்பட வேண்டாம், நானே வாசிச்சுச் சொல்றேன். பாருங்க, 'வெள்ளை இரண்டு. நீலம் கொஞ்சம். ஜன்னல் பக்கம் ஈரம். ஏணி வேண்டாம். மீதி நாளைக்கு.' கவிஞர் கடைசியா எழுதினது இதுதான். படுத்த படுக்கையா இருந்தவர் சுவத்துலயே பென்சிலால எழுதியிருக்கார். வெள்ளை இரண்டுன்னா பிறப்பு, இறப்பு. நீலம்னா வானம். ஜன்னல் பக்கம் ஈரம்ங்கறது வெளியில நடமாடுற மனுஷங்களுக்காக அவர் விட்ட கண்ணீர்.

— ஏணி?

— ஏணி வேண்டாம்னா, எனக்குச் சொர்க்கம் தேவையில்லை, இந்த மண்ணே போதும்னு அர்த்தம். இந்த ஒரு வரிக்கு மட்டும் நாப்பது பக்கம் எழுதியிருக்காங்க. பத்தாம் வகுப்புப் புத்தகத்துல பாடமாவே வச்சிருக்காங்க.

— தெரியும்மா. என் பேத்தி மனப்பாடமா ஒப்பிக்கும். அதைக் கேட்டுத்தான் நானே வகுப்புல சேந்தேன். இந்தச் சுவத்தை என் கண்ணால படிச்சுட்டுத்தான் கண்ணை மூடணும்னு ஒரு வைராக்கியம். நான் சொல்ல வர்றது என்னன்னா, கட்டில் ஏன் ஜன்னலுக்குக் கீழ வந்துச்சு? அது எதிர்ச் சுவத்தோரமால்ல கிடந்துச்சு?

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கட்டிலை நகத்திப் போட்டவனே நான்தானம்மா. கவிஞர் போய்ச் சேந்த பதினஞ்சாம் நாள் இந்த ரூமுக்கு வெள்ளையடிச்சேன். இருபத்தாறு வருஷம் ஆச்சு. நான் பெயிண்டர்.

— நீங்களா?

— நான்தான். எங்க பக்கம் வந்து கேட்டீங்கன்னா என் பேரு யாருக்கும் தெரியாது. கவிஞர் பெயிண்டர்னு கேட்டா சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரும். எல்லாச் சுவத்தையும் அடிச்சுட்டு, கவிதை இருந்த சுவத்தை மட்டும் தொடாம விட்டவன்னு. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எத்தனை பேர் காதைப் புண்ணாக்கியிருக்கேன் தெரியுமா? மக கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரங்களை உக்கார வச்சுச் சொன்னேன். அவங்க எந்திரிச்சு நின்னு கும்பிட்டாங்கம்மா. இப்ப நினைச்சா உடம்பெல்லாம் கூசுது.

— ஏன் கூசணும்? காப்பாத்தியிருக்கீங்க, சொன்னீங்க. அவ்வளவுதானே. நேரமாச்சு ஐயா, அஞ்சு மணிக்கு நினைவில்லத்தை மூடிடுவோம்.

— மூடுங்க, நான் வேண்டாங்கலை. இந்தக் கோடு மட்டும் எதுக்குன்னு சொல்லிடுங்க. எதிர்ச் சுவர் முழுக்கச் சாக்பீஸால கட்டம் போட்டிருக்கே?

— அதுவா. அந்தச் சுவரை எடுத்துட்டுப் பக்கத்து ரூமோட சேக்கப் போறோம். ஸ்கூல் பிள்ளைங்க அம்பது பேர் ஒண்ணா வந்தா நிக்க இடம் பத்தலை. நாளைக்குக் காலையில கொத்தனார் வர்றார்.

— நாளைக்கா? வேண்டாம்மா. அதை இடிச்சுடாதீங்க.

— வெறும் சுவர்தான் ஐயா அது.

— வெறும் சுவர் இல்லை. எனக்கு ஒரு வாய் தண்ணி கொடுங்க. தண்ணி குடிச்சுட்டுத்தான் இதைச் சொல்ல முடியும்.

— இந்தாங்க. உக்காந்து குடிங்க. அந்த நாற்காலி இல்லை, அது காட்சிக்கு. இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டும்மா. முந்தின நாளே போய் இடத்தைப் பாத்துட்டு, என்னென்ன வேணும்கறதை அந்தச் சுவத்துலயே பென்சிலால எழுதி வச்சுடுவோம். தாள்ல எழுதினாத் தொலைஞ்சுபோகும். சுவத்துல எழுதினா, வேலை முடியும்போது அதுவும் மறைஞ்சுடும். இந்த ரூமைப் பாக்க என் மச்சான் வந்தான். என் வீட்டுக்காரியோட தம்பி. எங்க ரெண்டு பேர்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் அவன்தான்.

— சரி.

— மறுநாள் அவனுக்குக் காய்ச்சல். நான் மட்டும் வந்தேன். இப்ப வாசிங்கம்மா. வெள்ளை ரெண்டு டின். அதுல கலக்கக் கொஞ்சம் நீலம். ஜன்னல் பக்கம் ஈரம் ஊறியிருக்கு, பாத்துப் பூசணும். கூரை தாழ்வு, அதனால ஏணி தூக்கிட்டு வர வேண்டாம். மீதி வேலை நாளைக்கு.

— ஐயா.

— இது கவிதை இல்லைம்மா. என் மச்சான் எழுதின சாமான் பட்டியல்.

— மெதுவாப் பேசுங்க. முன் ரூம்ல ஆள் இருக்காங்க.

— பேத்தி ஒப்பிக்கும்போதே லேசா உறுத்துச்சு. இன்னிக்கு நானே எழுத்து கூட்டிப் படிச்சதும் உறுதியாயிடுச்சு. அவன் அந்தக் காய்ச்சல்லயே போயிட்டான். அவன் கையெழுத்துன்னு இந்த உலகத்துல மிச்சம் இருக்கறதே இதுதான். அதையும் கண்ணாடி போட்டு வச்சிருக்கீங்க. அதுக்காகவாவது வாயை மூடிக்கிட்டுப் போயிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. பொய் சொல்ல மாட்டேன், தோணுச்சு.

— போயிருக்கலாமே. யாருக்கு என்ன நஷ்டம்? பிள்ளைங்க படிக்குது, பரிசு வாங்குது. கையெழுத்து வேற மாதிரி இருக்குன்னு ஒருத்தர் கேட்டார்தான். கை நடுங்கின காலத்துல எழுதினது, அதான் மாறியிருக்குன்னு இலக்கியச் சங்கத்துல சொல்லி முடிச்சுட்டாங்க.

— அப்ப அவர் நிஜமா எழுதினது? அது அந்தச் சுவத்துல இருக்கேம்மா, நாளைக்கு இடிக்கப் போறீங்களே, அதுல. அதுமேல வெள்ளையடிச்சது இந்தக் கைதான்.

— அதுலயும் எழுத்து இருந்துச்சா?

— இருந்துச்சு. கட்டில் மட்டத்துல இருந்து ஒரு முழம் உயரம் வரைக்கும். அவரோட சம்சாரம், பாவம், கண்ணு மங்கலா இருந்த அம்மா, வாசப்படியில நின்னு, 'எழுத்து இருக்கற சுவத்தை மட்டும் விட்டுடுப்பா'ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் போயிட்டாங்க. உள்ள வந்து பாத்தா ரெண்டு சுவத்துலயும் எழுத்து. எது என்னன்னு எனக்கு என்ன தெரியும்? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

— அவங்களையே திரும்பக் கேட்டிருக்கலாமே.

— கேட்டா, படிச்சுப் பாருன்னு சொல்லுவாங்க. படிக்கத் தெரியாதுன்னு சொல்லணும். நாப்பது வயசு ஆம்பளை, பத்து வீட்டுக்கு வேலை எடுத்துச் செய்யறவன், அதை எப்படிம்மா வாயால சொல்றது? என் பொண்டாட்டிக்கே அப்பத் தெரியாது. தினமும் பேப்பரை விரிச்சு மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

— அப்புறம்?

— அப்புறம் அந்த வீட்டுப் பொண்ணு வந்துச்சு. இருபது வயசு இருக்கும். முகமெல்லாம் வீங்கியிருந்துச்சு, அழுதிருக்கும்போல. எதைம்மா விடணும்னு கேட்டேன். கையை நீட்டிக் காட்டுச்சு. அது கட்டில் பக்கத்தைத்தான் காட்டியிருக்கும். மரமண்டை, நான் ஜன்னல் பக்கம்னு எடுத்துக்கிட்டேன்.

— நிச்சயமா கட்டில் பக்கத்தைத்தான் காட்டினாளா?

— பெத்த அப்பன் எழுதினதை ஒரு பொண்ணு அழிக்கச் சொல்லுமா? என் கண்ணுலதான் கோளாறு. இன்னொண்ணும் இருக்கும்மா, அதையும் சொல்லிடறேன். கட்டில் பக்கத்து எழுத்து வரிசை வரிசையா ஒரே மாதிரி இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல தண்டனைக்கு எழுதச் சொல்லுவாங்களே, அந்த மாதிரி. ஏதோ பிள்ளை கிறுக்கினதுன்னு நினைச்சேன். ஜன்னல் பக்கம் சின்ன வரி, பெரிய வரின்னு இருந்துச்சு, அதான் கவிதைபோலன்னு நானே முடிவு பண்ணிட்டேன். எழுத்தே தெரியாதவன் கவிதையைக் கண்டுபிடிச்ச லட்சணம்.

— அந்தப் பொண்ணு வேற ஏதாவது சொல்லிச்சா?

— வேற என்ன? ஆமா, கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்துச்சு. அதைக் கழட்டிட்டு ஆணி ஓட்டையெல்லாம் பட்டி வச்சு அடைச்சுடுங்கன்னு சொல்லிச்சு. அடைச்சேன். இங்க தடவிப் பாருங்க, இன்னும் தெரியும். நாலு ஓட்டை.

— தெரியும்.

— கொத்தனாரை நிறுத்துங்கம்மா. நான் அடிச்சது ஒரே பூச்சு, அதுவும் சுண்ணாம்பு. தண்ணியை ஒத்தி ஒத்தி, பட்டித் தகடால பதமாச் சுரண்டினா பென்சில் எழுத்து அப்படியே மேல வந்துடும். வீடு பக்கத்துலதான், தகட்டை எடுத்துட்டு வந்துடறேன். மூணு நாள் கொடுங்க. நானே செய்யறேன். பேப்பர்ல என் படத்தைப் போட்டு, இவன்தான் அந்த முட்டாள்னு எழுதட்டும். சம்பந்தி வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிடறேன்.

— வேண்டாம் ஐயா. வீட்டுக்குப் போங்க.

— எப்படிம்மா போறது? அந்தப் பொண்ணு இருக்கா? உயிரோட இருக்கும்ல? அதுகிட்டக் கூட்டிட்டுப் போங்க. காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்கறேன். அது என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச்சு, அதைக்கூட ஒழுங்காச் செய்யலை நான்.

— ஒழுங்காத்தான் செஞ்சீங்க.

— என்னம்மா சொல்றீங்க?

— அவ ஜன்னல் பக்கத்தைத்தான் காட்டினா. உங்க கண்ணுல கோளாறே இல்லை. உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நீங்க நின்ன விதத்துலயே புரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் காட்டினா.

— அது எப்படி உங்களுக்கு... அம்மா, இந்த வெளிச்சத்துக்குக் கொஞ்சம் வாங்க. நீங்களா அந்தப் பொண்ணு?

— அம்மாவுக்குக் கட்டில் பக்கத்துச் சுவத்துல எழுத்து இருக்கறது மட்டும் மங்கலாத் தெரியும். அப்பா என்னடி எழுதியிருக்கார்னு கேட்டாங்க. கவிதைம்மான்னு சொல்லிட்டேன். சொன்னதும் அவங்க முகத்துல வந்த சந்தோஷத்தைப் பாத்துட்டு, அதுக்கப்புறம் என்னால வாயைத் திறக்க முடியலை. அந்தச் சுவரை அழிக்கக் கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னாங்க. நீங்க அடிச்சதுக்கப்புறமும், தினமும் வந்து இந்த ஜன்னல் பக்கத்துச் சுவத்தைத் தடவிப் பாத்துட்டுப் போவாங்க.

— கவிதை இல்லையா அது?

— கண்ணு மங்கலா இருந்தாலும் அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. நான்தான் அப்பாவைப் பாத்துக்கணும். எனக்கு டைப்ரைட்டிங் கிளாஸ். அங்க ஒருத்தர் வருவார், அவர்கூடப் பேசிட்டு வர நேரமாகும். அப்பா தவழ்ந்து வாசலுக்கு வந்துடுவாரேன்னு வெளியில தாழ் போட்டுட்டுப் போவேன். முதல்ல ஒரு மணி நேரம். அப்புறம் சாயங்காலம் வரைக்கும்.

— அம்மா, போதும். சொல்ல வேண்டாம்.

— இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். சுரண்டினா கவிதை வராது ஐயா. ஒரே வரிதான் வரும், நூத்திப் பதினேழு தடவை: 'கதவைத் திறம்மா.'