பெயர் எழுதாமல் வந்த விருந்தாளிகள்

கடலோரத் திடலிலே கருணைக் கடலெனத் திரண்டிருக்கும் இந்தத் திருநாள் விழாவுக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு எல்லை தாண்டும்போதெல்லாம் இருமி எச்சரிப்பதற்கென்றே என் வலப்பக்கம் வீற்றிருக்கும் பெரியவர் சதாசிவம் அவர்களே! ஊசியும் நூலும் கொண்டு ஒரு மாதம் உறங்காமல் உழைத்த ஆசிரியை கெர்ட்ரூட் அம்மையார் அவர்களே! விடியல் முதல் விறகுப் புகையில் வெந்து, விருந்து படைத்த ஜொகூர் பாரு நகரத்துத் தாய்மார்களே! என் மதிப்புக்குரிய மூத்தோர்களே! எல்லாருக்கும் முன்னால், பாயில் அமர்ந்து, பேச்சு எப்போது முடியும் என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தோட்டத்துத் தாய்மார்களே! உங்கள் மடியில் தூங்கியும் தூங்காமலும் கிடக்கும் செல்வங்களே! உங்கள் அத்தனை பேரையும் இந்த அமலதாஸ், உலு திராம் பக்கத்துத் தோட்டத்தில் பதினான்கு ஆண்டு கணக்கெழுதிய கிராணி, தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

நாளை கிறிஸ்துமஸ். தீபாவளி வந்தது, எண்ணெய் இல்லாமலே வந்து போனது. பொங்கல் வரப்போகிறது, அரிசி இல்லாமலே வரப்போகிறது. ஜப்பான்காரர் ஆட்சியில் கடிகாரம் தோக்கியோ நேரத்தில் ஓடுகிறது. வயிறு மட்டும் பழைய நேரத்திலேயே பசிக்கிறது. இப்படிப்பட்ட காலத்தில் ஒரு விழாவா என்று கேட்டார்கள். உல்லாசப் பயணமா என்று கேட்டார்கள். இப்படிப்பட்ட காலத்தில் இல்லாமல் வேறு எந்தக் காலத்தில் ஐயா வேண்டும்?

இன்று காலை இந்தக் கரையிலே நான் கண்ட காட்சியை நீங்களும் கண்டீர்கள். கடலையே காணாத பிள்ளைகள் கடலைக் கண்டார்கள். ஒரு சிறுமி ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். உடனே தாயிடம் ஓடினாள். தண்ணீரில் யாரோ உப்பைக் கொட்டிவிட்டார்கள் என்று முறையிட்டாள். அந்தத் தாய் சிரிக்கவில்லை. உப்புக்கு ஆலாய்ப் பறக்கும் காலம் அல்லவா? கையிலிருந்த போத்தலை எடுத்துக் கடலில் முக்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர் முக்கினார். அரை மணி நேரத்தில் தோட்டத்துத் தாய்மார் அத்தனை பேரும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள், போத்தல், தூக்குச்சட்டி, கொதிகெண்டி எல்லாவற்றிலும் கடலை நிரப்புகிறார்கள். வீட்டுக்குப் போய் மரவள்ளிக் கிழங்கை அதில் அவிப்பார்களாம். ஜலசந்தி இரண்டு விரற்கடை வற்றியிருந்தால் அதற்கு நம் தாய்மார்களே பொறுப்பு.

உடை என்ன உடை! கெர்ட்ரூட் அம்மையார் வீடு வீடாகப் போனார். துணி கேட்டார். யாரிடம் இருக்கிறது துணி? அண்ணாந்து பார்த்தார், ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் திரை தெரிந்தது. கழற்றினார்! இன்று இந்த நகரத்தில் பாதி வீட்டு ஜன்னலுக்குத் திரை இல்லை. அந்தப் பூப்போட்ட திரைகளெல்லாம் இதோ, சட்டையாகவும் பாவாடையாகவும் என் முன்னால் ஓடி விளையாடுகின்றன. அங்கே ஒருவர் கை தூக்குகிறார். என்ன ஐயா? ஆமாம், அந்தப் பச்சைப் பூ உங்கள் வீட்டுத் திரைதான். திரும்பக் கேட்காதீர்கள், போட்டிருப்பவன் தரமாட்டான்.

சோறு உண்டார்கள். ஆளுக்கு ஓர் அகப்பை அரிசிச் சோறு, அதன்மேல் கருவாட்டுக் குழம்பு. ஆறு மாதமாக அரிசியைக் காணாத பிள்ளைகள் ஒவ்வொரு பருக்கையாக எண்ணித் தின்றதைப் பார்த்து, பரிமாறியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் திருப்பிக்கொண்டேன்.

இத்தனையும் நடந்தது. ஆனால் இத்தனையும் நடக்காமல் போயிருக்கும். என்னால் நடக்காமல் போயிருக்கும். அதைச் சொல்லத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

சென்ற மாதம் குழு கூடினோம். கோயிலுக்குப் போகிறவர் பாதி, தேவாலயத்துக்குப் போகிறவர் பாதி. ஆண்கள் சயாம் ரயில் பாதை வேலைக்கு வடக்கே போய்விட்ட ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுப்போம், அங்குள்ள தாய்மாரையும் பிள்ளைகளையும் திருநாளுக்கு நகரத்துக்கு அழைத்து வருவோம் என்று முடிவு செய்தோம். தோட்டத்தை அறிந்தவன் யார்? அமலதாஸ். அழைக்கும் பொறுப்பு யாருக்கு? அமலதாஸுக்கு. நெஞ்சு நிமிர்ந்தேன். பதினான்கு ஆண்டு பழகிய கை. ஒரு தாளை எடுத்தேன், அறிவிப்பு எழுதினேன். விடிந்ததும் பெரட்டுத் திடலுக்கு வரவும். லாரி வரும். சாப்பாடு உண்டு. தட்டும் பாயும் கொண்டு வரவும். பெயர் வாசிக்கப்படும். எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

நகரத்து நண்பர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். பெயர் கூப்பிட்டால்தான் வேலை, வேலை இருந்தால்தான் சோறு. அந்தத் திடலில்தான் சென்ற ஜூன் மாதம் ஒரு லாரி வந்து நின்றது. (தலைவர் இருமுகிறார். பொறுங்கள் ஐயா, பார்த்துத்தான் பேசுகிறேன்.) அன்றைக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. விடிந்ததும் திடலுக்கு வரவும். லாரி வரும். சாப்பாடு உண்டு. தட்டும் பாயும் கொண்டு வரவும். பெயர் வாசிக்கப்படும்.

கேட்டீர்களா? சொல்லுக்குச் சொல் அதேதான். அன்று வந்த வாசகத்தை நான் மறந்துவிட்டேன், கை மறக்கவில்லை. அவர்களோ ஓர் எழுத்தைக்கூட மறக்கவில்லை.

இன்று காலை, பெட்ரோல் கிடைக்காததால் கரி அடுப்பு பூட்டிய லாரியில் போய் இறங்கினேன். முன் இருக்கையில் என் மனைவி பியாட்ரிஸ், என் இரண்டு பெண் பிள்ளைகள். கையில் பட்டியல். திடலைப் பார்த்தேன், ஒரு குஞ்சு குருமான் இல்லை. ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, ஓடினேன். வீடு வீடாகக் கதவு திறந்து கிடக்கிறது. அடுப்பில் நெருப்பு இருக்கிறது, ஆள் இல்லை. லாரிச் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் பிள்ளைகளை வாரிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள்! விருந்துக்கு அழைக்கப் போனவனைக் கண்டு விருந்தாளிகள் ஓடினார்கள் என்று எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

ஒருவர் மட்டும் ஓடவில்லை. லயத்து வாசலில் பால்வெட்டுக் கத்தியோடு நின்றார். அங்கம்மா. இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். முறைக்காதீர்கள் அங்கம்மா, உள்ளதைத்தான் சொல்கிறேன். நான் அவரிடம் கடலைச் சொன்னேன், சோற்றைச் சொன்னேன், சட்டையைச் சொன்னேன், நாளைய திருநாளைச் சொன்னேன். என் நாவன்மை அவ்வளவையும் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்.

“போன தடவயும் நல்லாத்தான் பேசுனீங்க, கெராணி ஐயா. நாங்க வர்றோம். நாங்க திரும்பி வர்ற வரைக்கும் உங்க வீட்டு அம்மாவும் பிள்ளைங்களும் இங்க இருக்கட்டும்.”

என் பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் உறைத்தது, ஜூன் மாதம் ஆள் அனுப்பிய நாற்பத்தொரு வீட்டில் இதையேதான் நினைத்திருப்பார்கள் என்று. அதற்குள் பியாட்ரிஸ் லாரியை விட்டு இறங்கிவிட்டார். நாளைய பூசைக்கென்று எடுத்து வைத்த சேலை, அதைக் கட்டிக்கொண்டு வந்தவர், அப்படியே லயத்துக்குள் நடந்தார்.

“அவங்க கேக்குறது நியாயந்தானே. நீங்க கூட்டிட்டுப் போங்க, நாங்க இருக்கோம். அந்தத் தாள இங்க குடுங்க, அடுப்புக்கு ஆகும்.”

பட்டியல் அடுப்புக்குப் போயிற்று. அதன் பிறகு காட்டிலிருந்து ஒருவர் வந்தார். இருவர் வந்தார். பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பெயர் வாசிக்கவில்லை, ஒரு தலை எண்ணவில்லை. வந்தவர் எத்தனை பேர் என்று சமையல் கூடாரத்தில் என்னைக் கேட்டார்கள். தெரியாது, வந்தவர்களுக்கெல்லாம் போடுங்கள் என்றேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த கிராணி வேலை அதுதான்!

கை தட்டாதீர்கள். என் மனைவி மக்கள் இந்த நேரம் அந்த லயத்தில்தான் இருக்கிறார்கள். பழைய நேரப்படி நான்கு மணிக்கு லாரி கிளம்பினால்தான் இருட்டுமுன் போய்ச் சேரும். தாய்மார்கள் வீடு திரும்பினால்தான் என் வீடு திரும்பும். ஆகவே சுருக்கமாக, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஜூன் மாதம் நாற்பத்தொரு பெயர் வாசித்தேன். மூன்று மாதத்தில் திரும்பலாம், வீட்டுக்கு அரிசி வரும் என்றேன். எனக்குச் சொல்லப்பட்டதைத்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் என்னையே தேற்றிக்கொண்டேன். ஆனால் சொன்னது என் வாய். கடைசியாக வாசித்த பெயர் அய்யாவு, அங்கம்மாவின் கணவர். “இருக்கேங்க” என்று குரல் கொடுத்துவிட்டு ஏறினார். ஆறு மாதமாக ஒரு கடுதாசி இல்லை. தாய்மார்களே, என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. செய்தது தவறு என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல மட்டும் கடமை இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று. முந்தாநாள் என் வீட்டுக்கு ஒருவர் வந்தார். எங்கிருந்து என்று கேட்காதீர்கள். ஜனவரியில் இன்னொரு லாரி வருமாம். அதே தோட்டத்தில் பதினாறு வயது தாண்டிய பிள்ளைகள் யார் யார், எந்த வீட்டில் என்று எழுதித் தர வேண்டுமாம். என்னைப்போல் விவரம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லையாம். ஒரு வாரம் தவணை கேட்டேன். என்ன பதில் சொல்வதென்று அப்போது எனக்குத் தெரியாது. இன்று காலை, அந்த லயத்து வாசலில் தெரிந்துவிட்டது.

(இருமுங்கள் தலைவரே, நன்றாக இருமுங்கள். நான் சொல்லப் போவதில் குற்றம் ஒன்றுமில்லை.)

பெருமக்களே! இந்த மாபெரும் சபையில் ஒரு துயரச் செய்தியை அறிவிக்கிறேன். என் கண்பார்வை போய்விட்டது! எழுத்துத் தெரியவில்லை. முகம் தெரியவில்லை. யாருக்கு என்ன வயது, யார் எந்த வீட்டுப் பிள்ளை, ஒன்றுமே தெரியவில்லை. சிரிக்காதீர்கள், கண் போனவனைப் பார்த்துச் சிரிக்கலாமா? இந்தக் கண்ணாடியும் இனி எனக்கு வேண்டாம், தலைவர் வைத்துக்கொள்ளட்டும். எனக்குப் பயம் இல்லையா என்றால், இருக்கிறது. அதனால்தான் தனியாகச் சொல்லாமல் உங்கள் அத்தனை பேர் நடுவில் சொல்கிறேன். நாளை யாராவது உங்களிடம் வந்து, அமலதாஸ் கிராணி பெயர் எழுதித் தருவாரா என்று கேட்டால், என்ன சொல்வீர்கள்?

காதில் விழவில்லை. திடலுக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கட்டும்.

கண் தெரியாது! ஆமாம், அதேதான். இன்னொரு முறை. கண் தெரியாது! இதைவிட இனிய வாழ்த்தை எந்தத் திருநாளிலும் நான் கேட்டதில்லை.

திரை தந்தவர்களுக்கும் அரிசி தந்தவர்களுக்கும் தைத்தவர்களுக்கும் சமைத்தவர்களுக்கும், நம்பி வந்தவர்களுக்கும் என் நன்றி. இனி இறங்க வேண்டும். கண் தெரியாதவனை யாராவது கைபிடித்து இறக்குங்கள். தலைவர் எழ வேண்டாம், அமருங்கள். முன்வரிசையில் யாரோ எழுந்து வருகிறார்கள். யார் அது?

அங்கம்மாவா?

கையை நீட்டுகிறார். அவர் சொல்வது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, நான் சொல்கிறேன்: “மெதுவா வாங்க, கெராணி ஐயா. மூணு படி இருக்கு.” மூன்று படியாம். அவர் சொன்னால் சரி, நம்பி இறங்குகிறேன். எல்லாருக்கும் வணக்கம்.