கஷாயம் தர மறுத்த சீன அம்மாள்

2006 அக்டோபர், ஒரு புதன்கிழமை காலை. ஃப்ரீமான்ட்டிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழர்கள்.

"அந்தம்மா மருந்து தர மாட்டேன்னுட்டாங்க மச்சான். அதுக்கப்புறம்தான் அவங்க மேல மரியாதையே வந்துச்சு," என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"யாரு, ஓக்லண்ட் சைனாடவுன்ல உன் ஹெபடைடிஸ் பி-க்குக் கஷாயம் கொடுக்கறவங்களா? ஏன்டா சலீம்?"

"லிவர் டாக்டர் கொடுத்த மாத்திரைய நிறுத்திட்டேன்னு சொன்னேன்."

"ஏன் நிறுத்தின?"

"ரெண்டையும் சேர்த்து எடுத்தா எது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்? ஒண்ண நிறுத்தி டெஸ்ட் பண்ணேன்."

"ஆபீஸ்ல சாஃப்ட்வேருக்குப் பண்றத ஈரல்லயும் பண்ணியா? வெளங்கிடும்."

"அவங்களும் திட்டினாங்க. உங்க கஷாயத்துலதான் பசிக்குது, நல்லா தூங்கறேன்னேன். 'பசிக்கும் தூக்கத்துக்கும் நான். வைரஸுக்கு அந்த மாத்திரை. நிறுத்தினா ஈரல் போயிடும்'னு சொல்லி, கட்டின பொட்டலத்தப் பிரிச்சு வேரையெல்லாம் திரும்ப டிராயர்ல போட்டுட்டாங்க."

"வியாபாரம் போகுதேன்னு பார்க்கல பாரு."

"இன்னிக்கு டாக்டர்கிட்ட என்கூட வராங்க. கஷாயத்துல என்னென்ன போட்டாங்கன்னு அவங்களே சொல்லணுமாம்."

ஓக்லண்ட் சைனாடவுனை ஒட்டிய லேக் மெரிட் நிலையத்தில் குள்ளமான சீன மூதாட்டி ஒருவர் ஏறினார். சலீம் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே நாக்கை நீட்டினார். அந்த அம்மாளின் கடையில் அதுதான் முதல் சோதனை போலும்.

மூதாட்டி நாக்கைப் பார்க்கவில்லை. "டேப்லெட்?" என்றார்.

சலீம் மாத்திரைக் குப்பியை எடுத்துத் திறந்து காட்டி, மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னார். மூதாட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். மூடியைத் தன் கையாலேயே இறுக்கி மூடினார்.

"இப்போது நாக்கு," என்றார்.